நித்திய ஜீவன் இப்போதே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் வரும் வசனங்கள் தமிழ்ச் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. கத்தோலிக்கர் கையிலுள்ள திருவிவிலியத்தில் 'நித்திய ஜீவன்' என்பதற்கு 'நிலைவாழ்வு' என்று இருக்கும். இரண்டும் ஒன்றே.

நித்திய ஜீவன் செத்த பிறகு கிடைப்பதுதானே? அதை இப்போதே அனுபவிப்பது எப்படி?

பாதி சரி. இயேசுவின் காலத்து யூதர்கள் காலத்தை இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள்: இந்த யுகம், வரும் யுகம். நித்திய ஜீவன் என்றால் அவர்கள் காதில் விழுந்தது 'வரும் யுகத்தின் வாழ்வு'. தானியேல் 12:2 அதை உயிர்த்தெழுதலோடு சேர்த்துத்தான் சொல்கிறது. மாற்கு 10:30-இல் இயேசுவும் மறுமையில் கிடைக்கும் நித்திய ஜீவன் என்றே பேசுகிறார்.

யோவான் சுவிசேஷத்துக்கு வந்தால் பேச்சு மாறுகிறது. அதில் 'நித்திய ஜீவன்' என்ற சொற்றொடர் 17 முறை வருகிறது. அவற்றில் பல, இப்போதே கையில் இருக்கும் ஒன்றைப் பற்றியவை. 5:24-ஐப் பாருங்கள். விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு. அவன் "மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்". உட்படுவான் என்று அங்கே இல்லை. வரப்போகும் யுகத்தின் வாழ்வு இந்த யுகம் முடியும் முன்பே கிறிஸ்துவில் தொடங்கிவிட்டது என்பதே யோவான் சொல்லும் செய்தி.

தமிழில் 'உண்டு' என்றுதானே இருக்கிறது? நாளைக்கு விடுமுறை உண்டு என்பது போல, இனிமேல் வரும் என்றும் எடுக்கலாமே?

நல்ல கேள்வி. தமிழ் வாசகர்கள் வழுக்கும் இடமே இதுதான். 'உண்டு' காலம் காட்டாத சொல். "சேட்டை பண்ணினால் அடி உண்டு" என்றால் அடி இன்னும் விழவில்லை. "வீட்டில் அரிசி உண்டு" என்றால் பானையில் இப்போதே இருக்கிறது. நித்தியஜீவன் உண்டு என்பதை நம்மில் பலர் முதல் மாதிரியில், பின்னால் கிடைக்கப்போகும் பரிசாகக் கேட்டே வளர்ந்திருக்கிறோம்.

கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'எகெய்' என்ற நிகழ்கால வினை: உடையவனாயிருக்கிறான். அதையடுத்து வரும் 'நீங்கி உட்பட்டிருக்கிறான்' என்பது, நடந்து முடிந்து அதன் பலன் தொடர்வதைக் காட்டும் வினை வடிவம். பானையில் அரிசி இருப்பதைப் போன்ற 'உண்டு' அது. யோவான் 3:36, 6:47, 6:54 ஆகிய வசனங்களை இதே காதோடு மறுபடி வாசித்துப் பாருங்கள்.

அப்படியானால் 'நித்திய' என்பதற்கு முடிவில்லாத காலம் என்று பொருள் இல்லையா?

முடிவில்லாமையும் உண்டு, 10:28-இல் "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை" என்று இயேசு சொல்கிறார். ஆனால் நீளம் மட்டும்தான் என்றால் அதில் பெரிய நற்செய்தி ஒன்றும் இல்லை. கசந்துபோன வாழ்க்கையை முடிவில்லாமல் நீட்டினால் யார் வேண்டுமென்பார்கள்? 'ஐயோனியோஸ்' என்ற சொல் யுகம் என்று பொருள்படும் 'ஐயோன்' என்பதிலிருந்து வருவது. எவ்வளவு காலம் என்பதோடு எந்த யுகத்துக்குரிய வாழ்வு என்பதையும் அது சொல்கிறது.

ஜீவன் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரேக்கத்தில் மூன்று சொற்கள் உண்டு. 'ப்சூகே' என்பது ஆளுக்குள் இருக்கும் உயிர். 'பியோஸ்' என்பது பிழைப்பும் அதற்கான பொருளும். 'சோயே' என்பது, யோவான் எழுதும் விதத்தில், தேவனிடத்திலுள்ள வாழ்வு. நித்திய ஜீவனில் வருவது சோயே. யோவான் 12:25-இல் "தன் ஜீவனைச் சிநேகிக்கிறவன்" என்னும் இடத்தில் மூலத்தில் இருப்பது ப்சூகே. அதே வசனத்தின் முடிவில் வரும் "நித்தியஜீவகாலம்" என்பதில் இருப்பது சோயே. தமிழில் இரண்டும் ஜீவன் ஆகிவிட்டதால் அந்த வசனம் குழப்புகிறது. 1 யோவான் 2:16-இல் வரும் "ஜீவனத்தின் பெருமை" பியோஸ். தமிழ் அங்கே 'ஜீவனம்' என்று பிரித்துக் காட்டியிருப்பது அழகு. பிழைப்பில் பெருமை, வீடு, வண்டி, பையனின் வெளிநாட்டு வேலை எல்லாம் அந்தப் பக்கம். அவை கூடினால் நித்திய ஜீவன் கூடியது என்று கணக்குப் போடக்கூடாது.

"அறிவதே நித்தியஜீவன்" என்கிறது யோவான் 17:3. வேதபாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கினால் போதுமா?

வசனம் முழுவதும் இது: "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்." அறிதல் என்பதற்கான வினை மூலத்தில் தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் வடிவில் இருக்கிறது. ஒரு நாள் தெரிந்துகொண்டு முடித்துவிடும் செய்தி அல்ல. "அவரைப் பற்றித் தெரியும்" என்று நாம் சொல்வதற்கும் "அவரோடு பழகியிருக்கிறேன்" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடுதான்.

ஆனால் பழகுவது என்றவுடன் கண்ணை மூடி உருகுவது மட்டும் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. எரேமியா 22:16-ஐ நம் மேடைகளில் அதிகம் கேட்க முடியாது. யோசியா ராஜா சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான் என்று சொல்லிவிட்டு, "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்கிறார் கர்த்தர். கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்கு ஓடுகிறவருக்கு இந்த வசனம் முள்ளாகக் குத்தும்.

எனக்கு அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு உடல் சிலிர்த்ததும் இல்லை, அழுகை வந்ததும் இல்லை.

இதே கேள்விக்காக எழுதப்பட்டதுதான் யோவானின் முதல் நிருபம். நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கு எழுதுகிறேன் என்று 5:13-இல் அவரே காரணம் சொல்கிறார். ஐந்தே அதிகாரம், 105 வசனங்கள். ஒரே அமர்வில் வாய்விட்டு வாசித்தால் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாசித்துக்கொண்டே வரும்போது "இதனால் அறிந்திருக்கிறோம்" என்ற மாதிரி வாக்கியம் வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். உடல் சிலிர்ப்பதைப் பற்றி ஒரு கோடும் விழாது.

விழும் கோடுகள் பெரும்பாலும் மூன்று வகை. இயேசுவை மாம்சத்தில் வந்த கிறிஸ்துவாக அறிக்கையிடுவது (4:2). அவருடைய கற்பனைகளைக் கைக்கொள்வது (2:3). சகோதரரிடத்தில் அன்புகூருவது (3:14). மூன்றாவதில்தான் யோவான் சுற்றிச் சுற்றி வருகிறார்: "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்." சுவிசேஷத்தில் விசுவாசிக்கிறவனைப் பற்றி இயேசு சொன்ன அதே சொற்களை இங்கே அன்புக்கு அடையாளமாக வைக்கிறார். அடுத்து 3:17-இல் அது பணத்துக்கு வந்துவிடுகிறது. உலக ஆஸ்தி உடையவன் (அங்கே மூலச்சொல் மறுபடி பியோஸ்) குறைவுள்ள சகோதரனைக் கண்டும் இருதயத்தை அடைத்துக்கொண்டால், அவனுக்குள் தேவ அன்பு நிலைகொள்ளுகிறது எப்படி?

இதைச் சொல்லிவிட்டுச் சாதியைச் சொல்லாமல் போனால் தமிழில் எழுதியதற்குப் பொருளில்லை. ஒரே திருவிருந்துக் கிண்ணம், தனித்தனி கல்லறைப் பகுதி. ஒரே ஞானஸ்நானத் தொட்டி, வரன் தேடும் விளம்பரத்தில் உட்பிரிவு வரை. யோவானின் அளவுகோலை வைத்தால் இங்கே சிக்குவது அவிசுவாசிகள் அல்ல. "சகோதரனிடத்தில் அன்புகூராதவன் மரணத்திலே நிலைகொண்டிருக்கிறான்" என்பது சபைக்குள் இருப்பவர்களுக்கு எழுதிய வரி.

அதே நிருபம் நொந்துபோன மனசாட்சிக்கும் மருந்து வைத்திருக்கிறது. தன்னையே தோண்டித் தோண்டிப் பார்த்து அலுத்தவர்கள் 3:20-ஐ வாசிக்கட்டும்: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர்.

தினமும் என்ன செய்ய வேண்டும்? நடைமுறையாகச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கீழே சொல்வது எதுவும் நித்திய ஜீவனைச் சம்பாதிக்கும் வழி அல்ல. அது கிருபைவரம் என்று ரோமர் 6:23 தீர்த்துச் சொல்லிவிட்டது. கிடைத்ததைப் புழங்குவதற்கான பழக்கங்கள் இவை. "நித்தியஜீவனைப் பற்றிக்கொள்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது (1 தீமோத்தேயு 6:12) தீமோத்தேயு ஏற்கெனவே விசுவாசிதான்.

காலையில் 20 நிமிடம் போதும். உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். அன்றைய கவலைகள் வரிசையாக வந்து நிற்கும், நிற்கட்டும். பிறகு ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 119-ஆம் சங்கீதம் 176 வசனம். அதை எட்டெட்டு வசனமாக 22 நாளுக்குப் பிரித்தால், ஒரு சுற்று 171 நாளில் முடியும். அடுத்து யோவான் சுவிசேஷத்தில் 10 முதல் 15 வசனம், இரண்டு முறை. முதல் முறை என்ன நடக்கிறது என்பதற்காக, இரண்டாம் முறை எந்தச் சொல் தடுக்கிறது என்பதற்காக. இந்த வேகத்தில் 21 அதிகாரமும் ஏறக்குறைய 70 நாளில் முடியும். தடுத்த சொல்லை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் ஜெபம். அதில் முதல் வரி அந்தச் சொல் வந்த வசனத்திலிருந்தே எழட்டும். விண்ணப்பப் பட்டியல் அதற்குப் பிறகு.

பகலில் மூன்று நிறுத்தங்கள். புதிதாக நேரம் ஒதுக்கினால் நிலைக்காது. ஏற்கெனவே நடக்கும் செயலோடு முடிச்சுப் போடுங்கள்: பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், மதியம் டப்பாவைத் திறக்கும் முன், வீட்டுக் கதவைத் தட்டும் முன். ஒவ்வொன்றும் அரை நிமிடம். தாளில் உள்ள சொல்லை ஒரு முறை பார்த்து, இப்போது எதிரில் இருக்கும் ஆளையோ வேலையையோ தேவனிடம் ஒப்புக்கொடுப்பது. கதவு தட்டும் முன் நிற்கும் அந்த அரை நிமிடம், பல வீடுகளில் ஒரு சண்டையைத் தடுக்கும்.

இரவில் பத்து நிமிடம். இது 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் ஐந்து படிகளாக ஒழுங்குபடுத்திய ஆத்தும சோதனை. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரே ஒரு காரியத்தைத் தீர்மானிப்பது. நன்றியைத் தாண்டி நேராகத் தவறுக்குப் போகிறவர்கள் ஒரு வாரத்தில் சோர்ந்துவிடுவார்கள். அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

வாரத்தில் ஒரு முறை சபை ஆராதனையைத் தவிர, ஒருவரை நேரில் போய்ப் பார்ப்பது. உடம்புக்கு முடியாதவர், தனியாக இருப்பவர், பேச்சு விட்டுப்போன உறவு. அங்கே போய்ப் பிரசங்கம் வேண்டாம். ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தாலும் கணக்கு.

ஒவ்வொரு தடவையும் உற்சாகமாக ஆரம்பித்து நாலாம் நாளே விட்டுவிடுகிறேன். ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம். அளவு மிஞ்சித் தொடங்குவது: கன்வென்ஷன் முடிந்த சூட்டில் அதிகாலை நாலு மணிக்கு இரண்டு மணி நேரம் என்று பொருத்தனை செய்வது. உடம்பு மூன்று நாள் தாங்கும், நாலாம் நாள் தூங்கும். இரண்டாவது, வேதத்தைக் கைப்பேசியில் திறப்பது: வசனம் வரும் முன்பே வாட்ஸப் வந்துவிடும். அச்சுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். மூன்றாவது, விட்டுப்போன நாளைக் கடனாகக் கருதி மறுநாள் இரட்டிப்பாக வாசிப்பது. அப்படி வாசிக்காதீர்கள். விட்டது விட்டதுதான், இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

எனக்கு 20 நிமிடம்கூட இல்லை. கைக்குழந்தை, சமையல், வேலை. என்ன செய்வது?

அதிகாலை ஜெபம் செய்ய முடியாத தாய்மாரைக் குற்ற உணர்வில் தள்ளும் பிரசங்கங்கள் நிறைய உண்டு. காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் 17-ஆம் நூற்றாண்டில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். சமையலறையில் வேலை, பின்னாளில் செருப்புத் தைக்கும் வேலை. 1691-இல் காலமானார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே தேவனோடு பேசிக்கொண்டிருப்பதை அவர் பழக்கமாக்கிக்கொண்டார். நீங்களும் அதைச் செய்யலாம். குழந்தை பால் குடிக்கும் நேரம் ஒரு சங்கீதம், நினைவிலிருந்து. 23, 121 இரண்டும் போதும். சோறு வேகும் நேரம் ஒருவருக்காக ஜெபம். வேதத்தை ஒலிப்பதிவாகக் கேட்பதும் வாசிப்புக்குச் சமம்தான். ஆதிச்சபையில் பெரும்பாலோர் கேட்டுத்தான் அறிந்தார்கள். இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்குக் காலை என்பது தூங்கி எழும் நேரம், அது மாலை ஐந்தானாலும்.

வீட்டில் உள்ள மற்றவர்கள் அரைமணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளலாம். அதுவும் 1 யோவான் 3:18-க்குள் வரும்: வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை எடுப்பது தவறா?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வரிசையில் நின்று அட்டை எடுப்பது தமிழ்ச் சபைகளின் செல்லப் பழக்கம். அந்த வசனத்தை முழு அதிகாரத்தோடு வாசித்து மனப்பாடம் செய்தால் நல்லது. கேடு எங்கே வருகிறதென்றால், அதை அந்த வருடத்து ராசிபலனாக எடுத்துக்கொள்ளும்போது. அட்டைப்பெட்டியில் "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பது பொதுவாக வராது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுவும் இயேசு சொன்னதுதான் (யோவான் 16:33). நல்ல செய்தி வரப்போகிறது என்று காத்திருப்பது நித்திய ஜீவனைத் திரும்பவும் எதிர்காலத்துக்குத் தள்ளிவிடுகிறது.

"ஜீவன் உண்டாயிருக்கவும், அது பரிபூரணப்படவும் வந்தேன்" என்றாரே இயேசு. என் வீட்டில் கடனும் நோயும்தான் பரிபூரணம்.

யோவான் 10:10-ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள்: நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான். பரிபூரணத்தை வாங்கித்தந்த விலையே சிலுவை. அந்த வசனத்தை வைத்து வங்கி இருப்பைப் பெருக்கிக் காட்டுவதாகச் சொல்பவர்கள் பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பவுல் 2 கொரிந்தியர் 4:16-இல் இரண்டையும் ஒரே நேரத்தில் நடப்பதாக எழுதுகிறார்: புறம்பான மனுஷன் அழிகிறான், உள்ளான மனுஷன் நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறான்.

மருந்து விஷயத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். விசுவாசத்தின் பெயரில் இன்சுலினையோ, இரத்த அழுத்த மாத்திரையையோ, வலிப்பு மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:23). நோய் நீங்காததை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்கும் வழக்கம் அப்போஸ்தலரிடம் இல்லை.

மாதக்கணக்காக எதுவுமே உணர முடியவில்லை. ஜெபம் கூரையைத் தாண்டவில்லை. நான் ஜீவனை இழந்துவிட்டேனா?

சங்கீதப் புத்தகத்தில் 88-ஆம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. மற்ற புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அதை வேதத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால், இருளில் இருந்துகொண்டு அவரிடம் முறையிடுவதும் அவரை அறிவதில் ஒரு பகுதி என்றுதான் பொருள். உங்கள் சொந்தச் சொல் வராத நாட்களில் அதையே வாய்விட்டு வாசியுங்கள்.

அத்துடன் உடம்பையும் பாருங்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி உணவு. பேச்சு நாற்பது நாள் கழித்து (1 இராஜாக்கள் 19). இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் எல்லாம் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். ஆலோசனை கேட்கப் போன இடத்தில் "பிசாசின் போராட்டம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், இன்னொருவரிடம் போங்கள்.

பாவத்தில் விழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது: நாம் அறிக்கையிட்டால் அவர் மன்னித்துச் சுத்திகரிக்க உண்மையும் நீதியும் உள்ளவர். ஆனால் அறிக்கையிடுவதைச் சரியாகச் செய்ய வேண்டும். "ஆண்டவரே, நான் பாவி" என்று மொத்தமாகச் சொன்னால் எதுவும் நகராது. பெயர் சொல்லுங்கள்: இன்னாரிடம் இன்ன பொய். காரணம் கற்பிக்காதீர்கள். பணமோ பெயரோ கெட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். சகேயு ஆஸ்தியில் பாதியைத் தரித்திரருக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுத்தான் (லூக்கா 19:8). அதே பாவம் திரும்பத் திரும்ப வந்தால் நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் (யாக்கோபு 5:16). கத்தோலிக்கர்களுக்கு அதற்கென்றே ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது; மற்ற சபையினரில் பலர் இந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்திருப்பது நட்டம்தான்.

எதிரில் இருப்பவர் அடித்துத் துன்புறுத்தியவர் என்றால், மன்னிப்பதும் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போவதும் ஒன்றல்ல. இதைக் குழப்பி அறிவுரை சொல்லும் மூத்தவர்களின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு முறை பெற்ற நித்திய ஜீவனை இழக்க முடியுமா?

சபைகள் இதில் பிரிகின்றன. தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கடைசிவரை காக்கப்படுவார்கள் என்பது சீர்திருத்த மரபு. 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சபை மாமன்றம் அதை வகுத்தது. விட்டு விலக முடியும், ஆகவே விழிப்பு வேண்டும் என்பது வெஸ்லி வழி மெதடிஸ்டுகளும் பெந்தெகொஸ்தே சபையினரில் பலரும் சொல்வது. கத்தோலிக்கத் திருச்சபை சாவான பாவத்தால் அருள்நிலை இழக்கப்படும் என்றும், ஒப்புரவால் திரும்பக் கிடைக்கும் என்றும் போதிக்கிறது. 1547-இல் திரிதெந்தின் சங்கம் என்னும் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் இதை உறுதிசெய்தது. ஒரு பக்கம், ஆடுகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை என்னும் யோவான் 10:28. மறுபக்கம், நிலைத்திராத கொடி வெளியே எறியப்படும் என்னும் யோவான் 15:6, விலகிப்போனவர்களைப் பற்றி எச்சரிக்கும் எபிரெயர் 6:4-6.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது, கேட்பவர் யார் என்பதுதான். "இழக்க முடியாதே, அப்படியானால் எப்படியும் வாழலாம்" என்கிறவருக்கு 15:6. "நான் இழந்துவிட்டேனோ" என்று தூக்கமில்லாமல் தவிக்கிறவருக்கு 10:28. மருந்தை மாற்றிக் கொடுத்தால் இருவருக்கும் கேடு.

இது சைவம் சொல்லும் சீவன்முத்தி போன்றதுதானே?

உடம்போடு இருக்கும்போதே தொடங்குகிறது என்ற அளவில் ஒப்புமை உண்டு. தமிழில் 'மறுபடியும் பிறத்தல்' (யோவான் 3:3) என்று சொன்னால் மறுபிறவிச் சுழற்சி நினைவுக்கு வருவதும் இயல்பு. அங்குள்ள 'அனோத்தென்' என்ற சொல்லுக்கு 'மேலிருந்து' என்றும் பொருள் உண்டு. அது இன்னொரு பிறவியைக் குறிப்பதல்ல. சைவ சித்தாந்தத்தில் சீவன்முத்தர், உயிரைப் பிணிக்கும் அழுக்குகளான மலங்களின் கட்டு நீங்கியவர். பிராரத்தம் (இந்தப் பிறவியில் அனுபவிக்க வேண்டிய வினை) தீர்ந்து உடம்பு விழும்வரை உலகில் இருப்பார். கிறிஸ்தவ நம்பிக்கை உடம்பு விழுவதோடு நிற்பதில்லை, உடம்பு எழுப்பப்படுவதை எதிர்பார்க்கிறது. நித்திய ஜீவன் உடைய கிறிஸ்தவர் பாவமற்றவராக ஆகிவிட்டார் என்றும் யோவான் சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டு மரபுக்கும் அநியாயம்.

இப்போதே கிடைத்துவிட்டது என்றால் இனி உயிர்த்தெழுதல் எதற்கு?

யோவான் 5-ஆம் அதிகாரத்திலேயே விடை இருக்கிறது. 25-ஆம் வசனத்தில் மரித்தோர் தேவகுமாரனின் சத்தம் கேட்டுப் பிழைக்கும் காலம் வரும், "அது இப்பொழுதே வந்திருக்கிறது" என்கிறார் இயேசு. 28-ஆம் வசனத்தில் பிரேதக்குழிகளில் உள்ளவர்கள் எழுந்து புறப்படும் காலம் வரும் என்கிறார். அங்கே 'இப்பொழுதே' இல்லை. தொடங்கிவிட்டது, முடியவில்லை. ஓஸ்கர் குல்மான் என்ற வேத அறிஞர் இரண்டாம் உலகப்போரை உவமையாக எடுத்தார். 1944 ஜூன் 6-இல் நேசப்படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியதும் போரின் முடிவு தீர்மானமாகிவிட்டது. ஐரோப்பாவில் வெற்றி நாள் வந்தது 1945 மே 8-இல். இடைப்பட்ட பதினொரு மாதமும் குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. சபை அந்த இடைக்காலத்தில் நிற்கிறது.

இதை மறந்து எல்லாம் முடிந்தது என்று போதித்தவர்கள் முதல் நூற்றாண்டிலேயே உண்டு: உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்ற இமெநேயும் பிலேத்தும் (2 தீமோத்தேயு 2:17-18). நாலு நாள் கல்லறையில் கிடந்து எழுந்த லாசருவும் பிறகு இறந்துதான் இருப்பார். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று மார்த்தாளிடம் சொன்னவரே சற்று நேரத்தில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:25, 35). ஆகவே துக்க வீட்டில் அழுகிறவர்களைப் பார்த்து "விசுவாசி அழலாமா" என்று அதட்டாதீர்கள்.

இரங்கல் சுவரொட்டியில் "நித்திய ஜீவனுக்குள் பிரவேசித்தார்" என்று போடுகிறோம். அது பிழையா?

பிழை என்று சொல்ல முடியாது. மத்தேயு 25:46 நீதிமான்கள் நித்தியஜீவனை அடைவதைக் கடைசி நியாயத்தீர்ப்போடு சேர்த்துப் பேசுகிறது. ஆனால் யோவானின் கணக்கில் அவர் பிரவேசித்தது எப்போதோ. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பது 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரத்தின் பேச்சு. எழுப்பப்படுவதற்காகக் காத்திருப்பதையும் அது சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அச்சகத்தில் கேட்டால் அதைப் போடச் சொல்லுங்கள்.